தாய்ப்பால் பீய்ச்சுதலும் சேமித்தலும்

தாய்ப்பால் பீய்ச்சுதல் என்பது குழந்தை நேரடியாக மார்பில் வாய் வைத்துக் குடிக்காத வேளைகளில், தாயின் பாலைக் கையாலோ கருவியாலோ வெளியே எடுத்தல் ஆகும். அவ்வாறு எடுத்த பாலைத் தூய கலனில் இட்டு, குழந்தைக்குத் தேவைப்படும் வரை கெடாமல் காத்து வைப்பது தாய்ப்பால் சேமிப்பு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதனைப் "பால் எடுத்து வைத்தல்" என்பர்.

குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றும், அதன் பின்னர் பிற உணவுகளுடன் 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்றும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. ஆனால் எல்லாத் தாய்மாரும் எல்லா வேளையும் குழந்தையின் அருகில் இருக்க இயல்வதில்லை. சில குழந்தைகளுக்கு உறிஞ்சிக் குடிக்கும் வலிமையும் இருப்பதில்லை. இத்தகைய சூழல்களில் தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பாலைப் பீய்ச்சிச் சேமிக்கத் தெரிந்திருத்தலே ஆகும். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமல்ல. தூய கைகள், தூய கலன், பால் எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்னும் அறிவு ஆகிய மூன்றும் போதுமானவை.

பால் சுரக்கும் முறை

மார்பகத்தினுள் திராட்சைக் கொத்துப் போன்ற நுண்ணிய பைகள் உள்ளன. இவற்றின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களே பாலை உருவாக்குகின்றன. பைகளைச் சுற்றித் தசைத் தன்மை கொண்ட உயிரணுக்கள் வலை போல் அமைந்துள்ளன. பைகளிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய்கள் ஒன்று சேர்ந்து முலைக்காம்பில் திறக்கின்றன.

இரண்டு இயக்குநீர்கள் இதில் முதன்மைப் பங்கு வகிக்கின்றன. கபச் சுரப்பியின் முன் பகுதியிலிருந்து வரும் புரோலாக்டின் பாலை உருவாக்கச் செய்கிறது. அதன் பின் பகுதியிலிருந்து வெளிப்படும் ஆக்சிடோசின், பைகளைச் சுற்றியுள்ள தசை உயிரணுக்களைச் சுருங்கச் செய்து பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. இதனைப் பால் இறங்குதல் என்பர். ஆக்சிடோசின் வெளிப்படாவிடில் மார்பில் பால் இருந்தாலும் வெளியே வராது.

ஆக்சிடோசின் தாயின் மனநிலையுடன் நெருங்கிய தொடர்புடையது. குழந்தையின் அழுகுரலைக் கேட்டாலோ, குழந்தையை நினைத்தாலோ கூட சில தாய்மாருக்குப் பால் கசியத் தொடங்கும். மாறாக வலி, அச்சம், பதற்றம், கூச்சம் ஆகியவை இதனைத் தற்காலிகமாகத் தடுக்கக்கூடும். அலுவலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அவசரமாகப் பீய்ச்சும் தாய்க்குக் குறைவாகப் பால் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

பால் சுரப்பின் அளவைத் தீர்மானிக்கும் மற்றொரு விதியும் உண்டு. மார்பிலிருந்து பால் எந்த அளவுக்கு வெளியேறுகிறதோ அந்த அளவுக்கே புதிய பால் உருவாகிறது. பால் தேங்கி நின்றால் சுரப்பு மெதுவாகும். நாள் கணக்கில் எடுக்காமல் விட்டால் சுரப்பு குறைந்துகொண்டே சென்று நின்றுவிடும். எனவே குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய் பாலைப் பீய்ச்சுவது அன்றைய பாலைச் சேமிப்பதற்காக மட்டுமன்று, நாளைய பால் சுரப்பதற்காகவும் ஆகும். சேமிக்க வசதி இல்லாத இடத்திலும் பாலைப் பீய்ச்சி எடுப்பது நல்லது என்று கூறப்படுவது இதனால்தான்.

பீய்ச்ச வேண்டிய சூழல்கள்

• குறை மாதத்தில் பிறந்த குழந்தை அல்லது எடை மிகக் குறைந்த குழந்தை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் ஏறத்தாழ 34 வாரக் கருவளர்ச்சியை ஒட்டியே அமைகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைகளுக்குக் குழாய் வழியாகவோ பாலாடை வழியாகவோ பால் கொடுக்கப்படுகிறது.
• உதடு அல்லது அண்ணம் பிளவுபட்ட குழந்தை.
• நோயினாலோ அறுவை மருத்துவத்தினாலோ தாயும் குழந்தையும் பிரிந்திருத்தல்.
• தாய் வேலைக்கோ படிப்புக்கோ திரும்புதல்.
• பால் கட்டிக்கொள்ளுதல். மார்பு இறுகி வீங்கினால் குழந்தையால் சரியாக வாய் பற்ற இயலாது. ஊட்டும் முன் சிறிதளவு பீய்ச்சினால் மார்பு இளகும்.
• தாய்ப்பால் வங்கிக்குக் கொடை அளித்தல்.

கையால் பீய்ச்சும் முறை

இம்முறைக்குச் செலவு இல்லை, மின்சாரமும் தேவையில்லை. குழந்தை பிறந்த முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பால் கெட்டியாகவும் மிகச் சிறிதளவாகவும் இருப்பதால், அதனைச் சேகரிக்கக் கருவியை விடக் கையே பெரும்பாலும் ஏற்றது.

1. கைகளைச் சோப்பு இட்டு நன்கு கழுவ வேண்டும். மார்பை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவ வேண்டியதில்லை. நாள்தோறும் குளிப்பதே போதும்.
2. வாய் அகன்ற கிண்ணம் அல்லது குவளையைச் சோப்பு நீரில் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.
3. வசதியாகச் சாய்ந்து அமர்ந்து, வெதுவெதுப்பான ஈரத்துணியால் மார்புக்குச் சிறிது நேரம் ஒத்தடம் கொடுக்கலாம். விரல் நுனிகளால் மார்பை மென்மையாக வருடி விடலாம். முதுகுத் தண்டின் இரு புறமும் மற்றொருவர் நீவி விடுவதும் பால் இறங்க உதவும்.
4. கட்டை விரலை முலைக்காம்புக்கு மேலேயும் சுட்டு விரலை அதற்கு நேர் கீழேயும், காம்பிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். மற்ற விரல்கள் மார்பைத் தாங்கிக்கொள்ளும்.
5. முதலில் விரல்களை நெஞ்செலும்புக் கூட்டை நோக்கிச் சற்று உள்ளே அழுத்தி, பின்னர் இரு விரல்களையும் ஒன்றை நோக்கி ஒன்றாக அழுத்தி விட வேண்டும். அழுத்துதல், விடுதல் என்று சீராகத் தொடர வேண்டும்.
6. தொடக்கத்தில் பால் வராமல் இருக்கலாம். சிறிது நேரத்தில் துளித்துளியாக வரத் தொடங்கி, பால் இறங்கியதும் பீறிட்டு வரும்.
7. விரல்களை வைக்கும் இடத்தைச் சுற்றிலும் மாற்றிக்கொண்டே வந்தால் எல்லாப் பகுதியிலிருந்தும் பால் வெளியேறும்.
8. ஒரு மார்பில் 3 முதல் 5 நிமிடங்கள் வரை பீய்ச்சி, வரத்து குறைந்ததும் மறு மார்புக்கு மாறி, பின் மீண்டும் தொடர வேண்டும். மொத்தம் 20 முதல் 30 நிமிடங்கள் ஆகலாம்.

காம்பை மட்டும் பிடித்து இழுப்பதால் பால் வராது, புண்ணே உண்டாகும். விரல்களைத் தோல் மீது தேய்த்து இழுத்தலும் கூடாது. முறையாகச் செய்தால் வலி இருக்காது. வலித்தால் விரல் வைத்த இடமோ அழுத்தமோ தவறு எனக் கொள்ளலாம்.

பால் உறிஞ்சு கருவிகள்

பால் உறிஞ்சு கருவி (பேச்சு வழக்கில் பிரெஸ்ட் பம்ப்) வெற்றிடத்தை விட்டு விட்டு உண்டாக்கிக் குழந்தை உறிஞ்சுவதைப் போலப் பாலை வெளிக்கொணர்கிறது. கையால் இயக்குவன, மின்சாரத்தால் அல்லது மின்கலத்தால் இயங்குவன என இவை இரு வகைப்படும். இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்கருவிகள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

அமெரிக்காவில் ஆர்வெல் நீதம் என்பவர் 1854ஆம் ஆண்டில் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் எட்வர்டு லாசுக்கர் என்னும் பொறியாளர் இயந்திரத்தால் இயங்கும் கருவியை வடிவமைத்தார். இவர் புகழ்பெற்ற சதுரங்க வீரரும் ஆவார். சுவீடனைச் சேர்ந்த பொறியாளர் ஐனார் எக்னெல் 1950களில் உருவாக்கிய கருவி, மார்புக்குக் காயம் ஏற்படாத அளவுக்கு வெற்றிடத்தைக் கட்டுப்படுத்தியது. நெடுங்காலம் மருத்துவமனைகளில் மட்டுமே இருந்த மின்கருவிகள் 1990கள் முதல் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பரவின.

கருவியின் புனல் போன்ற பகுதி காம்பின் அளவுக்குப் பொருந்த வேண்டும். வெற்றிடத்தைக் கூட்டினால் பால் கூடும் என்பது சரியன்று; தாங்கத்தக்க அளவில் வைத்தலே போதும். பால் படும் பாகங்கள் அனைத்தையும் ஒவ்வொரு முறையும் பிரித்து, தனிப் பாத்திரத்தில் சோப்பு நீர் கொண்டு கழுவி, காற்றில் உலர விட வேண்டும். குழந்தை 2 மாதத்துக்கு உட்பட்டதாகவோ, குறை மாதத்தில் பிறந்ததாகவோ இருந்தால் நாளுக்கு ஒரு முறை கொதிநீரில் 5 நிமிடம் இட்டு எடுப்பது நல்லது. வீட்டுப் பயன்பாட்டுக்கான கருவியை இருவர் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

எத்தனை முறை, எவ்வளவு

பிறந்த குழந்தை மார்பில் குடிக்க இயலாத நிலையில் இருந்தால், இயன்றவரை முதல் மணி நேரத்திலும், பிந்தினால் 6 மணி நேரத்துக்குள்ளும் பீய்ச்சத் தொடங்க வேண்டும். அதன் பின் இரவு உட்பட 24 மணி நேரத்தில் 8 முறையேனும் பீய்ச்ச வேண்டும். இரவில் புரோலாக்டின் மிகுதியாக வெளிப்படுவதால் இரவு வேளையைத் தவிர்ப்பது சுரப்பைப் பாதிக்கும். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டரே கிடைக்கும். பிறந்த குழந்தையின் தேவையும் அவ்வளவே என்பதால் மனம் தளர வேண்டியதில்லை.

1 முதல் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. வரை குடிக்கிறது. குழந்தைக்குக் குழந்தை இது பெரிதும் வேறுபடும். இதைக் கொண்டு தேவையை ஏறத்தாழக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, தாய் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை 9 மணி நேரம் வெளியே இருந்தால், 800 மி.லி.யில் 24இல் 9 பங்கு, அதாவது 300 மி.லி. தேவைப்படும். இதனை 100 மி.லி. வீதம் 3 வேளைகளுக்குப் பிரித்து வைக்கலாம்.

தாய்ப்பால் உடனே கெடாதிருக்கக் காரணம்

காய்ச்சாத பசும்பால் வெயில் காலத்தில் விரைவில் திரிந்துவிடுகிறது. அதே வெப்பத்தில் தாய்ப்பால் சில மணி நேரம் தாங்குகிறது. இதற்குக் காரணம் தாய்ப்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் பொருட்கள் ஆகும். வெள்ளை உயிரணுக்களும், கிருமிகளைப் பற்றி ஒட்டவிடாமல் தடுக்கும் எதிர்ப்பொருட்களும் இதில் உள்ளன. லாக்டோபெரின் என்னும் புரதம் பாக்டீரியாக்களுக்குத் தேவையான இரும்பைப் பிணைத்து வைத்துக்கொள்கிறது. லைசோசைம் என்னும் நொதி பாக்டீரியாவின் புறச்சுவரைச் சிதைக்கிறது. பீய்ச்சிய பின்னரும் இப்பொருட்கள் சிறிது காலம் செயற்படுகின்றன.

ஆயினும் இந்த ஆற்றலுக்கு எல்லை உண்டு. தாய்ப்பாலை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துச் சோதித்து 1996ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 15 பாகை செல்சியசில் 24 மணி நேரமும், 25 பாகையில் 4 மணி நேரமும் பால் பாதுகாப்பாக இருக்கும் என்றும், 38 பாகையில் சேமிக்கவே கூடாது என்றும் முடிவு செய்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பகல் வெப்பம் 38 பாகையைக் கடப்பதுண்டு. ஆகவே அறை வெப்பநிலைக்கெனக் கூறப்படும் 4 மணி நேரம் என்னும் கணக்கை வெயில் காலத்தில் அப்படியே பின்பற்றலாகாது.

சேமிப்புக் காலம்

நலமாக, உரிய மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான பொது வரையறைகள் பின்வருமாறு:

• அறை வெப்பநிலை (25 பாகை வரை): 4 மணி நேரம்
• பனிக்கட்டிப் பைகள் இட்ட வெப்பங்காப்புப் பெட்டி: 24 மணி நேரம்
• குளிர்சாதனப் பெட்டி (4 பாகை): 4 நாட்கள்
• ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே அமைந்த உறைபகுதி: ஏறத்தாழ 2 வாரங்கள்
• தனிக் கதவுள்ள உறைபெட்டி (-18 பாகை): 6 மாதங்கள் வரை சிறந்தது, 12 மாதங்கள் வரை ஏற்கத்தக்கது
• உறைந்து பின் முழுவதும் இளகிய பால், குளிர்சாதனப் பெட்டியில்: 24 மணி நேரம்
• குழந்தை குடித்து மீந்த பால்: குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரம்

மருத்துவமனையில் உள்ள குறை மாதக் குழந்தைகளுக்கான விதிகள் இவற்றை விடக் கடுமையானவை. அங்கு மருத்துவமனையின் அறிவுரையே பின்பற்றத்தக்கது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பாலை வைக்கக் கூடாது. கதவைத் திறக்குந்தோறும் அங்கு வெப்பம் மாறும். உட்புறத்தின் பின் பகுதியே சீரான குளிர்ச்சி உடையது. 4 நாட்களுக்குள் பயன்படாது எனத் தெரிந்தால் தொடக்கத்திலேயே உறைய வைப்பது நல்லது. உறைய வைப்பதால் உயிருள்ள வெள்ளை உயிரணுக்கள் அழிகின்றன. உயிர்ச்சத்து சி குறைகிறது. ஆயினும் எதிர்ப்பொருட்களில் பெரும்பகுதி எஞ்சுகிறது. எனவே புதிய பால், குளிர்ந்த பால், உறைந்த பால் என்பதே தேர்வின் வரிசை.

மின்வெட்டு

மின்சாரம் நின்றவுடன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது பலரது வழக்கம். அவ்வாறு செய்யக் கூடாது. மூடியே வைத்திருந்தால் குளிர்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். தனிக் கதவுள்ள உறைபெட்டி நிறையப் பொருட்கள் இருந்தால் 48 மணி நேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரமும் தாங்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறிய உறைபகுதிக்கு இக்கணக்கு பொருந்தாது. காலி இடத்தில் நீர்ப் புட்டிகளை உறைய வைத்திருப்பது மின்வெட்டின்போது குளிர்ச்சியைக் காக்க உதவும். மின்சாரம் வந்த பின், பாலில் பனித்துகள்கள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். முழுவதும் இளகியிருந்தால் குளிர்ச்சியாக வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், மண்பானை நீருக்கு நடுவே கலனை வைப்பதால் வெப்பம் சில பாகைகள் குறையும். ஆனால் இது குளிர்சாதனப் பெட்டிக்கு ஈடாகாது. இத்தகைய வீடுகளில் அவ்வப்போது பீய்ச்சி, சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது.

கலன்களும் குறியீடும்

நெடுநாள் சேமிப்புக்குக் கண்ணாடிப் புட்டிகளும், உணவுக்கென உருவாக்கப்பட்ட கெட்டியான நெகிழிக் கலன்களும் ஏற்றவை. தாய்ப்பாலுக்கெனத் தனியாக விற்கப்படும் பைகளையும் பயன்படுத்தலாம். எவர்சில்வர் கிண்ணத்தில் பீய்ச்சி எடுக்கலாம். சில மணி நேரம் மூடி வைக்கவும் செய்யலாம். சாதாரண நெகிழிப் பைகளும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் குடிநீர்ப் புட்டிகளும் ஏற்றவையல்ல.

ஒவ்வொரு கலனிலும் பீய்ச்சிய நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். முதலில் எடுத்ததை முதலில் பயன்படுத்த வேண்டும். ஒரு கலனில் 60 முதல் 120 மி.லி. வரை, அதாவது ஒரு வேளைக்குப் போதுமான அளவே வைத்தால் வீணாவது குறையும். உறையும்போது பால் விரிவடைவதால் மேலே சிறிது இடம் விட வேண்டும். ஒரே நாளில் எடுத்த பாலை ஒன்று சேர்க்கலாம். ஆனால் புதிதாக எடுத்த வெதுவெதுப்பான பாலை முதலில் குளிர வைத்த பின்னரே முன்னர் குளிர்ந்த பாலுடன் சேர்க்க வேண்டும்.

இளக்குதலும் வெதுவெதுப்பாக்குதலும்

உறைந்த பாலை முதல் நாள் இரவே குளிர்பகுதிக்கு மாற்றி வைத்தால் காலைக்குள் இளகிவிடும். அவசரமெனில், மூடிய கலனை வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்தில் வைக்கலாம். பாலை நேரடியாக அடுப்பில் காய்ச்சக் கூடாது. கொதிப்பதால் நோயெதிர்ப்புப் பொருட்கள் அழிகின்றன. நுண்ணலை அடுப்பும் கூடாது. அதில் பால் சீராகச் சூடாவதில்லை. சில இடங்களில் மிகுந்த சூடு தங்கிக் குழந்தையின் வாய் வெந்துபோகக்கூடும். குளிர்ந்த பாலைச் சூடாக்காமலும் கொடுக்கலாம். சூடாக்கினால் மணிக்கட்டின் உட்புறத்தில் ஓரிரு துளிகள் விட்டுப் பார்க்க வேண்டும்.

சேமித்த பாலில் கொழுப்பு மேலே திரண்டு ஆடை போல் நிற்கும். இது கெட்டதன் அறிகுறி அன்று. கலனை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாலின் நிறம் இள நீலமாகவோ, மஞ்சளாகவோ, தாயின் உணவுக்கேற்பச் சற்று வேறாகவோ இருக்கலாம். சிலரது பால் சேமித்த பின் சோப்பு போன்ற மணம் பெறும். லிப்பேசு என்னும் நொதி கொழுப்பைப் பிரிப்பதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இது தீங்கற்றது, பெரும்பாலான குழந்தைகள் குடித்துவிடுகின்றன. புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிட வேண்டும்.

ஊட்டும் முறை

பீய்ச்சிய பாலைக் கிண்ணம், கரண்டி, பாலாடை ஆகியவற்றால் ஊட்டுவதே இந்தியாவில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. பாலாடை என்பது ஒரு முனை மூக்கு போல் நீண்ட சிறு கலன். தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் பயன்பட்டு வரும் இக்கலன், இன்று பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகளிலும் பயன்படுகிறது. புட்டியின் இரப்பர்க் காம்பை நன்கு தூய்மை செய்வது கடினம். மேலும் புட்டிக்குப் பழகிய சில குழந்தைகள் மார்பில் குடிக்க மறுப்பதுண்டு.

குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கலனின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, குழந்தை தானே நக்கி அல்லது உறிஞ்சிக் குடிக்க விட வேண்டும். வாயினுள் ஊற்றினால் புரையேறும். பாலில் நீர், சர்க்கரை, தேன் எதுவும் சேர்க்கக் கூடாது.

வேலைக்குச் செல்லும் தாய்மார்

வேலைக்குத் திரும்புவதற்கு 2 அல்லது 3 வாரங்களுக்கு முன்பே பீய்ச்சிப் பழகுவதும், பிறர் கையால் பாலாடையில் குடிக்கக் குழந்தையைப் பழக்குவதும் நன்று. வேலை நேரத்தில் ஏறத்தாழ 3 மணி நேரத்துக்கு ஒரு முறை பீய்ச்சினால் சுரப்பு நிலைபெறும். வீட்டில் இருக்கும்போதும் இரவிலும் நேரடியாகப் பாலூட்டுவதைத் தொடர வேண்டும்.

இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரு இடைவேளைகளுக்கு வழி செய்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதோடு, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு 4 முறை அங்குச் செல்லலாம் என்றும் வகுத்தது. இவ்விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்டு 2022இல் விரிவாக்கப்பட்ட சட்டம், பால் பீய்ச்சுவதற்கென இடைவேளையும், கழிப்பறை அல்லாத மறைவான இடமும் தர வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

வயல் வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோருக்கு இச்சட்டங்களின் பயன் கிட்டுவதில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கையால் பீய்ச்சிய ஒரு கிண்ணம் பாலை மூடி வைத்துச் செல்வது இவர்களுக்கும் இயலக்கூடியது. அதுவே அந்த முற்பகலில் குழந்தைக்குச் சர்க்கரை நீரோ, நீர் கலந்த பசும்பாலோ கொடுப்பதைத் தவிர்க்கும்.

குறை மாதக் குழந்தைகளும் தாய்ப்பால் வங்கியும்

குறை மாதக் குழந்தைகளின் குடல் முதிர்ச்சி அடையாதது. குடல் திசுக்கள் அழற்சியுற்று அழிந்துபோகும் கொடிய நோய் ஒன்று இவர்களைத் தாக்குவதுண்டு. தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடையே இந்நோய் குறைவாகக் காணப்படுகிறது. குறை மாதத்தில் ஈன்ற தாயின் பாலில் தொடக்க வாரங்களில் புரதமும் எதிர்ப்பொருட்களும் மிகுதியாக உள்ளன. எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள குழந்தைக்குத் தாய் பீய்ச்சித் தரும் சில துளிச் சீம்பாலும் மருந்துக்கு ஒப்பானது.

தாயின் பால் கிடைக்காதபோது அடுத்த தேர்வு, தாய்ப்பால் வங்கியில் பெறும் கொடைப்பால் ஆகும். உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909ஆம் ஆண்டில் வியன்னாவில் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் வங்கி 1989ஆம் ஆண்டில் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டசின் முயற்சியால் அமைந்தது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உள்ளிட்ட பல இடங்களில் இவ்வங்கிகள் உள்ளன. 2017ஆம் ஆண்டில் இந்திய நடுவண் அரசு இவற்றுக்கான தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

கொடையளிக்கும் தாய்க்கு எய்ட்சு, கல்லீரல் அழற்சி பி, மேகநோய் ஆகியவற்றுக்கான குருதிச் சோதனை செய்யப்படுகிறது. பெறப்பட்ட பால் 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, விரைவாகக் குளிர்விக்கப்பட்டு, சோதனைக்குப் பின் உறைநிலையில் வைக்கப்படுகிறது. இதனால் நோயெதிர்ப்புப் பொருட்களில் ஒரு பகுதி குறைந்தாலும் கிருமிகள் அழிகின்றன. இச்சோதனைகள் இன்றித் தெரிந்தவரிடம் நேரடியாகப் பால் பெற்றுக் கொடுப்பது நோய் பரவ வழி செய்யும். தாய்ப்பாலை விற்பதற்கு இந்தியாவில் இசைவு இல்லை. இதனை 2024 மே மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மீண்டும் தெளிவுபடுத்தியது.

தவறான நம்பிக்கைகள்

• சீம்பால் ஆகாது, அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்: இது தவறு. நோயெதிர்ப்புப் பொருட்கள் மிகுந்த பால் இதுவே.
• வேலைக்குச் சென்று வந்த தாயின் மார்பில் தங்கிய பால் கெட்டுவிடும்: மார்பினுள் பால் கெடுவதில்லை. வெயிலில் சென்று வந்தாலும் உடனே ஊட்டலாம்.
• பீய்ச்சினால் குழந்தைக்குப் பால் இல்லாமல் போய்விடும்: எடுக்க எடுக்கவே பால் சுரக்கும்.
• பீய்ச்சும்போது கிடைக்கும் அளவே மார்பில் உள்ள மொத்தப் பால்: நன்கு குடிக்கும் குழந்தை கையையும் கருவியையும் விடத் திறம்படப் பாலை எடுக்கும். பீய்ச்சிய அளவு குறைவாக இருப்பதைக் கொண்டு பால் போதவில்லை என முடிவு செய்யலாகாது. குழந்தை போதுமான அளவு சிறுநீர் கழிப்பதும், எடை கூடுவதுமே சரியான அளவுகோல்கள்.

மருத்துவ ஆலோசனை தேவைப்படும் நிலைகள்

மார்பின் ஒரு பகுதி சிவந்து வலித்து, காய்ச்சலும் இருந்தால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். உடனே மருத்துவரை அணுக வேண்டும். அந்நிலையிலும் பொதுவாகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. தாய் தொடர்ந்து மருந்து உட்கொள்பவராக இருந்தாலோ, தொற்று நோய் உள்ளவராக இருந்தாலோ, பீய்ச்சிய பாலைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பெரும்பாலான மருந்துகளுக்குப் பாலூட்டலை நிறுத்தத் தேவை இருப்பதில்லை என்பதால், கேளாமலே நிறுத்திவிடுவதும் சரியன்று. மருத்துவர் சில நாட்கள் நிறுத்தச் சொன்னாலும், அந்நாட்களில் பாலைப் பீய்ச்சி வெளியேற்றி வந்தால் சுரப்பு நிற்காது. மீண்டும் பாலூட்டலைத் தொடரலாம்.